வெங்காயச் சாறும் திறக்கப்படாத சோற்றுப் பெட்டியும்



கடந்த பள்ளி விடுமுறையில் நானும் என் துணைவியாரும் கோலாலம்பூரில் அண்மையில் திறக்கப்பட்ட ஒரு பிரெஞ்சு உணவகத்திற்குச் சென்று வந்தோம். ‘பிஸ்த்ரோ’ என்னும் வகையைச் சேர்ந்த புதுப்பாணி உணவகம் அது. ஈஜோக்கில் லாத்தார் விரைவுச்சாலை ஏறித் தலைநகர் வரை போய் அயல்நாட்டு உணவு உண்ணும் பழக்கம் எங்களுக்கு இல்லை. ஆசிரியர் சம்பளத்திற்கு அது கட்டுப்படியாவதும் இல்லை. ஆனால், என்னிடம் தமிழ்ப்பள்ளியில் பயின்ற மாணவர் ஒருவர் அங்கே சமையலறையில் பணிபுரிகிறார். “ஐயா, ஒரே ஒரு தடவை வந்து என் கையால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்” என்று மூன்று மாதங்களாக அழைத்துக்கொண்டிருந்தார். தட்ட முடியவில்லை.

உணவு எப்படி இருந்தது என்று எழுதுவது என் நோக்கமன்று. நன்றாகவே இருந்தது. ஆனால், உண்டுகொண்டிருந்தபோது என் வகுப்பில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்து தொண்டையில் நின்றுவிட்டது. அதை எழுதாமல் இருக்க இயலவில்லை.

முதலில் வந்தது வெங்காயச் சாறு. வெங்காயத்தை மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, வெண்ணெயில் இளந்தீயில் பழுப்பு நிறம் வரும்வரை பொறுமையாக வதக்கி, எலும்புச் சாறு ஊற்றிக் கொதிக்கவிட்டு, மேலே காய்ந்த ரொட்டித் துண்டும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சூட்டடுப்பில் உருக்கித் தருகிறார்கள். வழக்கமாக மாட்டெலும்புச் சாறுதான் ஊற்றுவார்களாம். நாங்கள் உண்ணமாட்டோம் என்பதை நினைவில் வைத்திருந்து, அந்த மாணவர் எங்களுக்கெனக் கோழிச் சாற்றில் தனியாகச் செய்திருந்தார். விலை 38 வெள்ளி. “வெங்காயமும் பழைய ரொட்டியும்தானே? இதற்கா முப்பத்தெட்டு வெள்ளி?” என்று என் துணைவியார் என் காதருகே கேட்டார். நியாயமான கேள்விதான்.

மாணவர் வெள்ளைச் சட்டையுடன் வெளியே வந்து பக்கத்தில் நின்றபடி விளக்கினார். பாரிசு நகரின் நடுவே ‘லே ஆல்’ என்னும் பெரிய மொத்தச் சந்தை இருந்ததாம். விடியுமுன் மூட்டை தூக்கியவர்களும் வண்டிக்காரர்களும் குளிருக்கு இதமாகக் குடித்த சாறாம் இது. மலிவான வெங்காயம், மீந்துபோன ரொட்டி, வயிறு நிறைய வேண்டும் என்னும் தேவை. இவ்வளவுதான் இதன் பிறப்பு வரலாறு. அந்தச் சந்தை 1969ஆம் ஆண்டு நகருக்கு வெளியே ரூஞ்சீசு என்னும் இடத்திற்கு மாற்றப்பட்டுவிட்டது. சாறு மட்டும் உலகம் முழுவதும் போய்விட்டது.

அடுத்து நத்தை வந்தது. ஆம், நத்தையேதான்! ஆறு குழிகள் கொண்ட ஒரு தட்டில், குழிக்கு ஒன்றாக ஆறு நத்தைகள். பூண்டும் பார்சிலித் தழையும் கலந்த வெண்ணெய் அவற்றின் மீது கொதித்துக்கொண்டிருந்தது. துணைவியார் தொடவில்லை. நான் உண்டேன். முதல் வாயிலேயே எனக்கு என் பாட்டியின் நினைவு வந்துவிட்டது.

என் பாட்டி புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவியவர். மழை விட்ட மறுநாள் வாய்க்கால் ஓரமாகப் போய் மடி நிறைய நத்தை பொறுக்கி வருவார். இரவு முழுவதும் நீரில் போட்டு மண் கக்க வைத்து, மறுநாள் அவித்து, ஊக்கினால் சதையை நெம்பி எடுத்து, மஞ்சள் போட்டு மூன்று நான்கு முறை அலசி, சின்ன வெங்காயமும் மிளகும் இட்டுப் பிரட்டுவார். அந்த மணம் லயத்தின் கடைசி வீடு வரை போகும். எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஆனால், பள்ளியில் “நேற்று உங்கள் வீட்டில் என்ன கறி?” என்று யாராவது கேட்டால், “கோழிக்கறி” என்றுதான் சொல்வேன். ஒரு முறைகூட உண்மையைச் சொன்னதில்லை. அதே நத்தையை இப்போது வெள்ளைத் துணி விரித்த மேசையில், தனி இடுக்கி கொண்டு, ஆறுக்கு 58 வெள்ளி கொடுத்து உண்டுகொண்டிருந்தேன்! சிரிப்பதா, வெட்கப்படுவதா என்று தெரியவில்லை.

மூன்றாவதாக வந்த வாத்துக்காலும் இப்படித்தான். வாத்துக் காலை உப்பில் ஊறவைத்து, அதன் கொழுப்பிலேயே மணிக்கணக்காக மெல்ல வேகவைத்து, அந்தக் கொழுப்புக்குள்ளேயே மூடி வைத்துவிடுகிறார்கள். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் பிரான்சின் தென்மேற்குக் குடியானவர்கள் இறைச்சியைக் குளிர்காலம் முழுவதும் காப்பாற்றிய வழி. ‘கொன்ஃபீ’ என்று பெயர். நம் பாட்டிமார் போட்ட உப்புக்கண்டத்திற்கு இது ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம்.

வீடு திரும்பியபின் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். பிஸ்த்ரோ என்பதே உழைப்பாளிகளின் சாப்பாட்டுக் கடைதான். நெப்போலியன் தோற்ற காலத்தில் பாரிசுக்குள் வந்த உருசியப் படைவீரர்கள் “விரைவாக” என்று தங்கள் மொழியில் கத்தியதால் இந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். சுவையான கதைதான். ஆனால், இச்சொல் எழுத்தில் தென்படுவது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் என்பதால் மொழியறிஞர்கள் அதை ஏற்பதில்லை. உறுதியாகத் தெரிவது வேறு. ஓவெர்ஞ் என்னும் ஏழை மலைநாட்டிலிருந்து பிழைப்புத் தேடிப் பாரிசுக்கு வந்தவர்கள் முதலில் தண்ணீர் சுமந்தார்கள். பிறகு விறகும் கரியும் விற்றார்கள். கரிக்கடையின் ஓரத்திலேயே மது ஊற்றிக் கொடுத்தார்கள், உணவும் கொடுத்தார்கள். பாரிசின் சிறு உணவகங்கள் பலவும் அவர்களால் வளர்ந்தவை. ஊர்விட்டு ஊர் வந்து உடல் உழைப்பால் பிழைத்த மக்கள்! நமக்குப் பழக்கமான கதையல்லவா?

இன்றைய ‘புதுப்பாணி’ என்பது அண்மைக்காலத்தது. ஈவ் காம்தெபோர்த் என்னும் சமையற்கலைஞர் உயர்தர விடுதி ஒன்றின் சமையலறையில் பயின்றவர். அவர் 1992இல் பாரிசில் ‘லா ரெகாலாத்’ என்னும் சிறு உணவகத்தைத் திறந்து, பெரிய விடுதியின் கைத்திறனை எளிய மக்களின் உணவில் காட்டினார். அதன் வழிவந்தவையே கோலாலம்பூர் வரை முளைத்திருக்கும் இத்தகைய உணவகங்கள். 2010இல் பிரெஞ்சுக்காரரின் விருந்துண்ணும் மரபை யுனெஸ்கோ மானுடத்தின் பண்பாட்டு மரபுச் செல்வமாகப் பதிவு செய்தது. 2022இல் அவர்களுடைய நீள ரொட்டியும் பட்டியலில் சேர்ந்தது. நம் நாட்டின் பசியாறல் பண்பாடும் 2024இல் அப்பட்டியலில் இடம்பெற்றது. நாசி லெமாக்கோடு ரொட்டி சானாயும் தேத்தாரிக்கும் அதில் உண்டு என்பதை மாணவர்களிடம் எத்தனை பேர் சொன்னோம் என்று தெரியவில்லை. நான் சொல்லவில்லை.

இங்கே வட சிலாங்கூர்க்காரர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். பிரெஞ்சுக்காரர் நம் வட்டாரத்திற்குப் புதியவர் அல்லர். பிரான்சின் பார்பெசியே என்னும் சிற்றூரில் 1879இல் பிறந்த ஆன்றி ஃபொக்கோனியே, 1905இல் மலாயாவுக்கு வந்து, சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங் என்னும் இடத்தில் காடழித்துத் தோட்டம் போட்டார். சுமத்ராவிலிருந்து கிடைத்த செம்பனை விதைகளை முதலில் அழகுக்காக நட்டார். 1917இல் தென்னமரம் தோட்டத்தில் வணிகப் பயிராகப் பயிரிட்டார். இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றம் பெற்ற பத்தாங் பெர்ஜுந்தையின் பக்கத்தில், நம் கண்முன்னே இருக்கிறது. செம்பனையின் பிறந்தகத்திற்குத் ‘தென்னமரம்’ என்று தமிழ்ப் பெயர் என்பது தனி வேடிக்கை.

அந்தத் துரை, பின்னர் ‘மலேசி’ என்னும் புதினத்தை எழுதினார். 1930இல் அதற்குப் பிரான்சின் உயரிய கோன்கூர் விருது கிடைத்தது. அதில் நம் தமிழ்த் தொழிலாளர்களும் வருகிறார்கள். நான் எண்ணிப் பார்ப்பது இதைத்தான்: தோட்டத்தைப் போட்டவர் தம் அனுபவத்தை எழுதினார், அது நூலாக நிலைத்துவிட்டது. அதே மண்ணில் விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்றவர்கள் தூக்குச்சட்டியில் என்ன கொண்டுபோனார்கள்? வெளிக்காட்டில் பால்மரத்தடியில் உட்கார்ந்து எதைத் தொட்டுக்கொண்டு உண்டார்கள்? சப்பானியர் காலத்தில் மரவள்ளிக்கிழங்கை எத்தனை விதமாகச் சமைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள்? இவற்றை எழுதி வைத்தவர் நம்மில் மிகச் சிலரே. சொல்லக்கூடியவர்களும் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது என் வகுப்புக்கு வருகிறேன். இதை எழுதக் கை கூசுகிறது.

சென்ற ஆண்டு நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி ஓய்வு வேளையில் சோற்றுப் பெட்டியைத் திறந்தாள். சோறும் கருவாட்டுப் பிரட்டலும். அருகிலிருந்த பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு “கருவாடு நாறுது!” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பையனைக் கண்டித்திருக்க வேண்டும். மாறாக, நான் அவளிடம் போய், மிக மென்மையாக, “நாளையிலிருந்து வாடை இல்லாத உணவாகக் கொண்டு வா அம்மா” என்றேன். நல்லது செய்ததாகவே நினைத்துக்கொண்டேன். மறுநாள் அவள் கடையில் வாங்கிய ரொட்டியைக் கொண்டுவந்தாள். சில நாள்கள் கழித்துப் பெட்டி வந்தது, ஆனால் திறக்கப்படவே இல்லை.

தேர்ச்சி அறிக்கை கொடுத்த நாளில் அவளுடைய பாட்டி வந்தார். மதிப்பெண்களைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. “ஐயா, பேத்திக்கு என் கை சாப்பாடு புடிக்கலையாம். முன்னெல்லாம் நல்லா சாப்புடும். என்னான்னு நீங்க கொஞ்சம் கேட்டுப் பாருங்க” என்றார். கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். காரணம் எனக்குத் தெரியும் என்பதை அந்த அம்மாவிடம் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

வெண்ணெயில் மிதந்த நத்தையின் முன் உட்கார்ந்திருந்தபோது தொண்டையில் நின்றது இதுதான்.

பூண்டு, நத்தை, நாட்பட்ட பாலாடைக்கட்டி. வாடை என்று பார்த்தால் கருவாட்டுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. ஒன்றை மணம் என்கிறோம், மற்றொன்றை நாற்றம் என்கிறோம். யார் இதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தது? பாடநூல் கற்றுக்கொடுக்கவில்லை. நாம்தான் கற்றுக்கொடுத்தோம், முகச்சுளிப்பால், சிரிப்பால், “விருந்தாளி முன் அதை வைக்காதே” என்று அடுக்களையில் அடிக்குரலில் சொல்லும் சொல்லால். பிரான்சில் 1990களிலிருந்து ஆண்டுதோறும் ‘சுவை வாரம்’ நடைபெறுகிறது. சமையற்கலைஞர்கள் வகுப்பறைக்கே வந்து, புளிப்பு எது, கசப்பு எது, இந்த மணம் எதிலிருந்து வருகிறது என்று சிறுவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். நம் வகுப்பில் நான் ஒரே ஒரு சுவைப் பாடம்தான் நடத்தியிருக்கிறேன். அது என்ன பாடம் என்பதை மேலே எழுதிவிட்டேன்.

இதில் மொழியும் அடங்கியிருக்கிறது என்பதால் தமிழாசிரியர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அந்த மாணவர் தம் வேலையை விளக்கியபோது பிரெஞ்சுச் சொற்கள் அவர் நாவில் தடையின்றி வந்தன. வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் பொடியாக நறுக்கி வதக்குவது ‘மிர்புவா’. வெண்ணெயில் மாவை வறுத்துக் குழம்பைக் கெட்டியாக்குவது ‘ரூ’. குச்சி குச்சியாக நறுக்குவது ‘சூலியேன்’. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு சொல், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மதிப்பு. நான் மகிழ்ந்து, “தம்பி, இந்தச் சாற்றை இவ்வளவு குறுக்கியிருக்கிறீர்களே, இதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்?” என்றேன். சற்று யோசித்துவிட்டு, “‘ரெடியூஸ்’ பண்றதுன்னு சொல்வோம், ஐயா” என்றார். ‘சுண்ட வைத்தல்’ என்னும் சொல் அவரிடம் இல்லை. அவர் என் மாணவர். என்னிடம் மூன்று ஆண்டுகள் தமிழ் படித்தவர்.

நம் அடுக்களையில் எத்தனை வினைச்சொற்கள்! அரிசியைக் களைகிறோம், கீரையை ஆய்கிறோம், புளியைக் கரைக்கிறோம், பருப்பை மசிக்கிறோம், தேங்காயைத் துருவுகிறோம், மிளகைத் தட்டிப் போடுகிறோம், கடுகைத் தாளிக்கிறோம், மீனை உரசிக் கழுவுகிறோம், சோற்றை வடிக்கிறோம். இவற்றில் எத்தனை என் மாணவருக்குத் தெரியும் என்று ஒருநாள் ஐந்தாம் ஆண்டில் சோதித்தேன். ‘சமைத்தல்’, ‘வெட்டுதல்’, ‘பொரித்தல்’ என்று மூன்றோடு பெரும்பாலோர் நின்றுவிட்டார்கள். மரபுத்தொடரையும் இரட்டைக்கிளவியையும் மனனம் செய்யச் சொல்லும் நாம், தினமும் வீட்டில் நடக்கும் தொழிலின் சொற்களை விட்டுவிட்டோம். உணவைப் பற்றி வெட்கம் வந்தால் அதன் சொல்லும் வாயில் வராது.

என் சக ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் கடிந்துகொண்டார். “பஞ்சத்தில் தின்றதையெல்லாம் இப்போது பெருமை என்கிறீர்களா? என் அம்மா கஞ்சி குடித்தது ஆசைப்பட்டா? என் பிள்ளைக்கு நான் அதைத் தரமாட்டேன்” என்றார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. பசியைப் பாட்டாக்கிப் பாடுவது வயிறு நிறைந்தவர்களின் வேலை. தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வரும் தாய், காலையில் அம்மியில் அரைத்துக் கட்டிக்கொடுக்க வேண்டும் என்று நான் சொன்னால் என்னைப் போன்ற இதயமற்றவன் வேறு யாரும் இருக்கமுடியாது. உறைந்த நகெட்டைப் பொரித்துக் கொடுப்பது அவருக்கு முடிகிறது, பிள்ளையும் உண்கிறது. அதைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. பழைய உணவெல்லாம் உடலுக்கு நல்லது என்று சொல்லவும் நான் துணியமாட்டேன். கருவாட்டில் உப்பு மிகுதி. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் நாட்டின் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றும், இனவாரியாக அது இந்தியரிடையேதான் மிகுதி என்றும் கண்டறியப்பட்டது. அளவு பார்த்துத்தான் உண்ணவேண்டும், எதுவாயினும்.

ஆனால், ஏழ்மை வேறு, அந்த ஏழ்மையில் நம் பெண்கள் காட்டிய கைத்திறன் வேறு. மூட்டை தூக்கியவனின் சாற்றைப் பிரெஞ்சுக்காரன் தூக்கி எறியவில்லை. அவனுடைய வறுமையையும் திரும்ப அழைக்கவில்லை. அதிலிருந்த திறனுக்குப் பெயர் வைத்தான், முறையை எழுதினான், அடுத்தவனுக்குக் கற்றுக்கொடுத்தான், அதை ஒரு தொழிலாக்கினான். நத்தையை மண் கக்க வைத்து அலசிய என் பாட்டியின் கைக்கும் அந்தச் சமையலறையில் வெள்ளைச் சட்டை போட்ட கைக்கும் திறனில் என்ன வேறுபாடு என்று கேட்டால், என்னால் சொல்ல முடியவில்லை.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த மாணவர் சமையல் படிக்கப் போகிறேன் என்றபோது, அவர் வீட்டில் ஆறு மாதம் யாரும் முகங்கொடுத்துப் பேசவில்லையாம். “ஆம்பளப் பிள்ளைக்கு அடுப்படி வேலையா?” என்று கேட்டார்களாம். நானும் அன்று அவரைப் பொறியியல் பக்கம் போகச் சொன்னவன்தான்.

எசுபிஎம் முடித்துவிட்டு எங்கு போவதென்று தெரியாமல் நம் வட்டாரத்தில் எத்தனையோ பிள்ளைகள் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவனோ ஒருத்தியோ சமையல் படிக்கவேண்டும் என்று சொன்னால், தயவுசெய்து சற்றுக் காது கொடுங்கள். கடினமான தொழில்தான். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் அனலில் நிற்கிறார் என் மாணவர். கையெல்லாம் சுட்ட தழும்பு. கேட்டதற்கு, “பரவாயில்லை ஐயா, பிடிச்ச வேலை” என்றார். கடைசியில் பணம் வாங்கமாட்டேன் என்று அடம்பிடித்தார். முந்நூறு வெள்ளிக்கு மேல் ஆயிற்று. கட்டிவிட்டுத்தான் வந்தேன். மாதக் கடைசி என்பது வேறு கதை.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்ட பிறகும், நாம் ‘நான் ஒரு பேனா’வையும் ‘குடும்பச் சுற்றுலா’வையும் விடவில்லை. இம்முறை ஐந்தாம் ஆண்டுக்கு வேறு ஒன்றைக் கொடுத்தேன். வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் ஒரு உணவின் செய்முறையைக் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வரவேண்டும். இருபத்தாறு பேரில் ஒன்பது பேர் மேகி மீ என்று எழுதினார்கள். ஒருவன் தாத்தாவிடம் கேட்டு ‘வரக்கோப்பி கலக்கும் முறை’ என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான், அருமையாக. ஈஜோக்கிலிருந்து வரும் ஒரு மாணவி மரவள்ளிக்கிழங்குப் புட்டை எழுதியிருந்தாள்.

அந்தப் பெண்ணும் இப்போது ஐந்தாம் ஆண்டுதான். நெத்திலிக் கருவாட்டுப் பிரட்டலை எழுதியிருந்தாள். கருவாட்டை அரிசி களைந்த நீரில் அரைமணி நேரம் ஊறப்போட்டு இரண்டு முறை அலசவேண்டும், அப்போதுதான் வாடை அடங்கும் என்று பாட்டி சொன்னதாக எழுதி, ‘அலச’ என்னும் சொல்லின் கீழே கோடு போட்டிருந்தாள். ஏட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

தலைமையாசிரியரிடம் பேசி, அடுத்த வாரம் அந்தப் பாட்டியை வகுப்புக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பள்ளியில் அடுப்பு மூட்ட அனுமதியில்லை என்பதால் களைவது, அலசுவது, நறுக்குவது வரை செய்து காட்டுவார், மற்றவற்றை வாயால் சொல்வார். முதலில் மறுத்தவர், பிறகு ஒப்புக்கொண்டுவிட்டார். எந்தச் சேலை கட்டிக்கொண்டு வருவது என்று பேத்தியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.